ஜேபஸ் டில்காட் எப்போது செத்தான்?

மிஸ் டார்கஸ் வாட்லியின் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்ணின் முகத்தில் அழுத தடம்கூட இல்லை. கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னதும் வந்தாள், உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். பெயர் நோரீன் டில்காட். அவளுடைய ஒரே மகன் கேலப், சிங்கி இறால் பிடிக்கப் போன இடத்தில் படகு கவிழ்ந்து செத்துப்போயிருந்தான். உடல் கிடைத்து, ஊர்ச் சவ அறையில் இருந்தது. தன் அழுகை எங்கே போய்த் தொலைந்தது என்று நோரீனுக்கே தெரியவில்லை. அண்டை வீட்டார் கொண்டுவந்து வைத்த பீன்ஸ் பானைகளைப் பார்க்கும்போது, வேறு யார் வீட்டுச் சாவுக்கோ வந்தவள் போலத்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணு தெரியணும்," என்றாள். "முந்நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு குழந்தை செத்துச்சா, இல்லையா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த டாக்டர் லெமுவேல் ஃபிஸ்க் பேப்பரைக் கீழே போட்டார். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்களிடம் ஆயுசு முழுக்கத் தனியாகவே பேசிப் பழகியவர், இன்னும் நிறுத்தவில்லை. மாசசூசெட்ஸ் கடற்கரையில் எந்தக் குடும்பம் எந்தக் கப்பலில் வந்து இறங்கியது என்று துருவிக் கண்டுபிடிப்பது மிஸ் வாட்லியின் தொழில். அவருக்குத் துணையாக அலைவது டாக்டரின் சந்தோஷம்.

"யார் அந்தக் குழந்தை?" என்று மிஸ் வாட்லி கேட்டார்.

"ஜேபஸ் டில்காட். எங்க வீட்டுக்காரரோட மூதாதை."

டில்காட் வம்சத்தின் முதல் ஆள் எலியாசர். இங்கிலாந்திலிருந்து வந்து இந்தக் கரையில் குடியேறியவர். குன்றின் மேல் ஒரு துண்டு நிலத்தைத் தன் ரத்தத்தில் பிறந்தவர்களையும் அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்களையும் புதைப்பதற்கென்றே எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருடைய கடைசிப் பிள்ளை ஜேபஸ். அந்தக் கிளையில் வந்தவன்தான் நோரீனின் கணவன் ஆசா. அவனை நாலு வருஷத்துக்கு முன் அந்தக் குன்றில்தான் புதைத்தார்கள்.

"இந்தக் கோடையில புயல்ல அங்க ஒரு எல்ம் மரம் சாஞ்சுது. குடும்பச் சங்கத்துத் தலைவர் ஆர்ச்சர் டில்காட், வேருக்கடியிலேருந்து ஒரு கல்லறைக் கல்லை எடுத்தேன்னு கொண்டுவந்தார். ஜேபஸ் மூணு வயசுலயே செத்தான்னு அதுல இருக்கு. செத்த குழந்தைக்கு வம்சம் ஏதுன்னு கேக்கறார். அப்புறம் கல்யாணம் பண்ணின ஜேபஸ், பேரைத் திருடின எவனோ வந்தேறியாம். ஆசாவைத் தோண்டி எடுக்காம விட்டதே பெருந்தன்மையாம். கேலபுக்கு அங்க இடமில்லன்னுட்டார்."

"உங்க மேல அவருக்கு ஏதாவது கோபமா?"

"நான் அயர்லாந்து மீன்காரன் பொண்ணு. கல்யாணத்தன்னிக்கே அவர் முகம் சுளிச்சார். ஆனா அது எல்லாரும்தான் சுளிச்சாங்க." நோரீன் தன் கைகளைப் பார்த்தாள். "பனியில தரை உறையப் போகுது, மிஸ் வாட்லி. உறைஞ்சுட்டா குழி வெட்ட முடியாது. ஏப்ரல் வரைக்கும் பெட்டியைக் கல் கிடங்குல அடுக்கிடுவாங்க. அவன் அங்க கிடக்க, நான் வீட்ல சூப் வெச்சுக் குடிச்சிட்டு இருக்கணுமா?" குரல் கொஞ்சமும் உயரவில்லை.

டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அட, இது சப்பை விஷயம்! அந்தக் காலத்துல ஒரு பிள்ளை செத்தா அடுத்த பிள்ளைக்கு அதே பேரை வைப்பாங்களே. ரெண்டு ஜேபஸ்! முதல் ஜேபஸ் செத்தான், அடுத்தவன் வாழ்ந்தான். கேஸ் முடிஞ்சுது!"

"பிரசவத்துலயே அவன் அம்மா போயிட்டா, டாக்டர். எலியாசர் மறுகல்யாணமே பண்ணிக்கல. ரெண்டாவது ஜேபஸை யார் பெத்தது, நீங்களா?" மிஸ் வாட்லி எழுந்து தொப்பியை எடுத்தார். "வாங்க, கல்லைப் பார்ப்போம்."

ஆர்ச்சர் டில்காட் இடுகாட்டு வாசலிலேயே நின்றிருந்தார். நெட்டை மனிதர், எழுபதைத் தாண்டியவர், கறுப்புக் கோட்டில் ஒரு தூசி இல்லை. குழி வெட்டும் ஹோரஸ் மண்வெட்டியோடு சுவரில் சாய்ந்திருந்தான்.

"குடும்ப நிலத்துக்குத் துப்பறிய ஆள் கூட்டிட்டு வந்திருக்கியா, நோரீன்? உங்கப்பா ஊர்ல இதெல்லாம் பழக்கமோ?"

நோரீனுக்குக் கோபம் வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

மிஸ் வாட்லி அவசரப்படாமல் வரிசை வரிசையாக நடந்தார். கீழ்ப்புறம் எலியாசரின் கல் இருந்தது. அதிலும் அதன் பக்கத்துக் கற்களிலும் சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கியிருந்தது. மேல் வரிசைகள் ஆர்ச்சரின் முன்னோருடையவை. ஒவ்வொன்றிலும் கிளை தொங்கும் வில்லோ மரமும், அதன் கீழ் ஒரு சாடியும்.

"உங்க வரிசை எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றார்.

"வருஷா வருஷம் நானே தேய்ச்சுக் கழுவறேன். அஞ்சு வயசுலேருந்து என் வேலை அது," என்றார் ஆர்ச்சர் பெருமையாக. "எங்க கிளை வடக்கே மெய்ன் மாநிலத்துப் பக்கம் போய் நாலு தலைமுறை கழிச்சுத் திரும்பி வந்தது. வந்த நாள்லேருந்து ஒருத்தர் விடாம இங்கதான்."

மேட்டின் கோடியில் ஆசாவின் கல். அதற்கடுத்து ஒரே ஓர் ஆள் படுக்கும் வெற்றுத் தரை. அதற்கும் அப்பால் வினிஃப்ரெட் டில்காட் என்ற புதிய கல். அதையடுத்துப் பாறை தலைதூக்கி நின்றது. இடுகாட்டில் வேறு காலி இடமே கிடையாது.

ஜேபஸின் கல் சுவரோரம் சாத்தியிருந்தது. கறுத்த பழைய பலகைக் கல். மேலே வில்லோ மரமும் சாடியும், கீழே பெயர், வருஷம், வயது மூன்று.

"இதைத் தோண்டி எடுத்தது யாரு?"

"நான்தான். வேற எவனும் தொடல."

டாக்டர் குனிந்து எழுத்துப் பள்ளத்துக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டு இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். வாயைத் திறந்தார். மிஸ் வாட்லி பார்த்த பார்வையில் அதை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அப்படி மூடியது அரிது.

"மிஸ்டர் டில்காட், எலியாசர் காலத்துல இந்தக் கரையில கல்லறைக் கல்லுன்னா மண்டையோடு இருக்கும், இல்லாட்டி வெறும் எழுத்து இருக்கும். வில்லோ மரமும் சாடியும் வந்தது நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு. இந்தக் குழந்தைக்கு எப்படி வந்தது?"

ஆர்ச்சர் அசையவில்லை. "பழைய கல் உடைஞ்சிருக்கும். பின்னால வந்தவங்க புதுசா வெச்சிருப்பாங்க. எல்லா ஊர்லயும் நடக்கறதுதானே."

"நடக்கறதுதான். அதனாலதான் நான் அதோட நிறுத்தல. டாக்டர், இப்போ சொல்லலாம்."

"உளியால வெட்டினா பள்ளம் கூரா இறங்கும், ஐயா!" டாக்டர் வெடித்தார். "உங்க தாத்தா கல்லுல நகத்தை விட்டுப் பாருங்க, அடியில மாட்டும். இதுல வழுக்கிட்டுப் போகுது. அடி உருண்டையா இருக்கு. இது மின்சாரத்துல சுத்தற துரப்பணம் போட்ட பள்ளம். எத்தனை ஆயிரம் பல்லுல போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? இந்த எழுத்துக்கு ஒரு வயசுகூட இருக்காது!"

"கல் பழசு, எழுத்து புதுசு," என்றார் மிஸ் வாட்லி. "செஞ்சவர் ரொம்பக் கவனமா செஞ்சார். ஒரே ஒரு இடத்துல சறுக்கினார். அஞ்சு வயசுலேருந்து வில்லோ மரத்தையே தேய்ச்ச கைக்கு, கல்லறைன்னா அந்த மரம்தான். அது ஆதியிலேருந்தே இருந்ததுன்னு நினைச்சுட்டார். வேற குடும்பத்துக்காரன் செஞ்சிருந்தா கீழ் வரிசையையும் போய்ப் பார்த்திருப்பான்."

நோரீன் கேட்டுக்கொண்டு நின்றாள். தன் பக்கம் ஜெயிக்கிறது என்று புரிந்தது. வேறொருவர் ஆடும் சீட்டாட்டத்தைப் பார்ப்பது போல் இருந்தது.

"ஏன் செஞ்சார்?" என்றாள்.

மிஸ் வாட்லி வினிஃப்ரெட்டின் கல்லைக் காட்டினார். "அந்தப் பக்கம் பாறை. இந்தப் பக்கம் ஒரே இடம். அது ஆசாவுக்கும் பக்கம், இவரோட மனைவி வினிஃப்ரெட்டுக்கும் பக்கம். கேலப் இவ்வளவு சீக்கிரம் வருவான்னு இவர் நினைக்கல. நீங்க வருவீங்கன்னுதான் பயந்தார்."

ஆர்ச்சர் அந்தக் கல்லிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் மனுஷன் விடவில்லை. "இதையெல்லாம் சங்கத்துல சொல்லுங்க. கூட்டம் போடணும்னா ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் இங்க யாரும் ஒரு பிடி மண்ணை எடுக்கக் கூடாது."

"அடப்பாவி!" என்றார் டாக்டர். ஒரு மாதத்தில் இந்தத் தரை இரும்பாகிவிடும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நோரீன் ஹோரஸ் பக்கம் திரும்பினாள். "ஒரே குழியில ரெண்டு பெட்டி வைக்கலாமா?"

"ஆழமா வெட்டினா வைக்கலாம். கீழ ஒண்ணு, பின்னாடி மேல ஒண்ணு. மேல உங்களுக்குத்தானேம்மா?"

"இல்ல. அவருக்கு."

அவள் ஆர்ச்சரைக் காட்டினாள். ஆர்ச்சர் அவளையே பார்த்தார்.

"இரக்கம்னு நினைச்சுக்காதீங்க," என்றாள் நோரீன். "இரக்கப்பட எனக்குத் தெம்பில்ல. உங்க மேல கோபப்படவும் தெம்பில்ல. என் பையனுக்கு இன்னிக்கே குழி வேணும், அவ்வளவுதான். நீங்க தலையாட்டினா உங்களுக்கும் உங்க வினிஃப்ரெட் பக்கத்துல இடம் கிடைக்கும்."

"அது உன் இடம், நோரீன்." அந்தக் குரலில் அப்போதுதான் கிழத்தனம் தெரிந்தது. "நீ... நீ எங்க போவே?"

"எங்கப்பா படுத்திருக்கற சர்ச் இடுகாட்டுக்கு. மீன்காரங்க கொஞ்சம் நெருக்கித்தான் படுப்பாங்க."

ஆர்ச்சர் தொப்பியைக் கழற்றினார். மனைவியின் கல்லைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். பிறகு ஹோரஸைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினார்.

ஹோரஸ் வெட்டத் தொடங்கினான். டாக்டர், கேட்காமலே கோட்டைக் கழற்றிவிட்டு மண் அள்ளினார். மிஸ் வாட்லி நோரீனின் கோட்டுப் பொத்தான்களைச் சரியாக மாற்றிப் போட்டுவிட்டார்; குழந்தை போல அவள் நின்றுகொடுத்தாள். தோள் ஆழத்தில் நின்று ஹோரஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"போதுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.

புருஷன், பிள்ளை, அந்த ஆர்ச்சர் எல்லாருக்கும் இங்கே இடம் ஆகிவிட்டது, தனக்கு மட்டும் இல்லை. அதை நினைத்துப் பார்த்தாள். வலிக்கவில்லை. வலிக்கும் நாள் வரும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் மகனைப் படுக்கவைத்துவிட வேண்டும்.