திவாலான நினைவு

அறிவுறிஞ்சி நெற்றியைவிட்டு விலகியதும் சென்னியப்பன் கண்ணைத் திறந்தார்.

"நான் எதுக்குங்க இங்க உக்காந்தேன்?"

"தலைவலின்னீங்க. சரியாப் போச்சுங்க," என்றார் வக்கீல் மருதாசலம். வாய் கூசாமல் சொன்னார்.

சென்னியப்பனின் தாலாட்டு நிறுவனம் அன்று காலைதான் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆலையும் லாபமும் பழையதற்கு. குழந்தைகளைத் தூங்கவைக்க அது விற்ற துயில்வளையை மாட்டிக் காது செவிடானவர்களின் வழக்குகள் அத்தனையும் 'தாலாட்டு இரண்டு'க்கு. தீங்கைத் தெரிந்து விற்பவரே பொறுப்பு என்பது சட்டம். ஆகவே, தலைவரின் மூளையிலிருந்து அந்தத் தெரிதலையே உறிஞ்சிப் புது நிறுவனத்தின் பெயருக்கு எழுதிவிட்டார்கள். மதியமே அது திவாலென்று மஞ்சள் கடுதாசி கொடுத்தது. என்ன சாமர்த்தியம் பாருங்கள்! இதை யாரும் தனக்கு ஒருநாளும் நினைவூட்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவரும் சென்னியப்பனேதான்.

வரவேற்பறையில் தாரகை, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையும் வக்கீலையும் வழிமறித்தாள்.

"உங்க துயில்வளையப் போட்டுத்தானுங்க இவளுக்குக் காது போச்சு. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அடக் கடவுளே! துயில்வளையாலயா? இருக்காதுங்கம்மா. அப்படின்னா நான் விப்பனா?"

அவர் கண் கலங்கியிருந்தது. தாரகைக்குப் பகீரென்றது. நடிப்பென்றால் காறித் துப்பியிருப்பாள். இந்த மனுஷர் மெய்யாகவே சொல்கிறார்!

அந்நேரம் அவர் மகள் இளவெயினி, வீறிட்டு அழும் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள்.

"தூங்கவே மாட்டேங்கறானுங்கப்பா."

"துயில்வளை போட வேண்டியதுதான கண்ணு?"

"நம்ம வீட்டுக்குள்ள அது வரவே கூடாதுன்னு நீங்கதான சத்தம் போட்டீங்க?"

"நானா? நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு வளையை எடுத்தார்.

"ஐயோ, வேண்டாமுங்க!" தாரகை மகளை இறக்கிவிட்டுப் பாய்ந்தாள். காவலர்கள் மடக்கிப் பிடித்தார்கள். அவள் வக்கீலைப் பார்த்துக் கதறினாள். "உங்களுக்குத் தெரியுமே! கோர்ட்டுல எதிர்ல நின்னீங்களே! சொல்லுங்க!"

மருதாசலம் வாயைத் திறந்தார். இவரே சொன்னால் தலைவர் நம்பிவிடுவார்; தீங்கு தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நிறுவனமே போச்சு. அவர் வாயை மூடிக்கொண்டார்.

இளவெயினி தயங்கி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் துளிச் சந்தேகம் இல்லை. பிள்ளையை நீட்டினாள்.

தாத்தாவே தன் கையால் வளையை மாட்டினார். அழுகை சட்டென்று நின்றது.

"பாத்தியா கண்ணு, இத்தனை ரகளையிலயும் எப்படித் தூங்கறான்!"

தாரகை திமிறுவதை நிறுத்திவிட்டாள்.

"என் புள்ளையும் இப்படித்தானுங்க தூங்குனா," என்றாள்.