திதிக்கு விட்ட இடம்

மூன்றாம் தரம் போட்டுக் கேட்டபோதுதான் சோமசேகரம் கவனித்தார்: பாட்டுக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், யாரோ கதிரை இழுக்கிறார்கள்.

ஒரு கதிரை அல்ல. ஆட்கள் உட்கார வண்டியில் வந்த மடக்குக் கதிரைகளைக் கட்டுக்கட்டாக இறக்கி, ஒவ்வொன்றாக விரித்து, முற்றத்து மணலில் வரிசை போடுகிற சத்தம். நடுவே ஒரு ஆண்குரல் தாழ்வாக ஏதோ சொல்ல, மற்றவர்கள் இன்னும் தாழ்வாக 'ஓம், ஓம்' என்று ஆமோதிக்கிறார்கள். ரெக்கோடர் நாடாவை நிறுத்தினார். சத்தமும் நின்றது. யன்னலை மறைத்திருந்த மெத்தையைத் தள்ளி எட்டிப் பார்த்தார். ஆடி மாதத்து இரண்டு மணி வெயில். முற்றத்தில் ஒரு காகம் வாயைத் திறந்தபடி சும்மா நின்றது. காங்கேசன்துறைக்குப் போகிற பகல் ரெயில் போய் அரை மணியாகிவிட்டது. கொக்குவில் முழுவதும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது.

"மகாதேவி, பக்கத்து வளவிலை ஏதும் விசேஷமோ?"

"அங்கை ஆக்களே இல்லை. எல்லாரும் சாவகச்சேரிக்குப் போட்டினம்," என்றாள் மனைவி குசினி அடுப்படியிலிருந்து.

சோமசேகரம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், முப்பத்தாறு வருடம் கோப்புகளை மேய்த்து, தலைமை இலிகிதராக இளைப்பாறியவர். அவருக்கு இரண்டு விஷயங்களில் அசையாத நம்பிக்கை. ஒன்று, தன் குரல். மற்றது, தான் நேரில் நிற்காவிட்டால் எந்தக் காரியமும் உருப்படாது என்பது. இந்த இரண்டாவது நம்பிக்கையில் ஒரு சிக்கல் இருந்தது. தன்னுடைய செத்தவீட்டில் தான் எப்படி நேரில் நிற்பது?

செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, செத்தவர் மேல் பாடிய வெண்பாக்களையும் மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் முதலான புலம்பல்களையும் அச்சடித்துக் கொடுப்பதும், ஒருவர் எழுந்து அவற்றைப் பாடுவதும் ஊர் வழக்கம். கல்வெட்டு என்று பேர். போன பங்குனியில் சீவரத்தினத்தின் கல்வெட்டை யாரோ மருமகன் பஸ் நேர அட்டவணை மாதிரி வாசித்தான். சனம் சோற்றுக் கிடாரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று திரும்பி வரும்போதே சோமசேகரம் தீர்மானித்துவிட்டார். தன் கல்வெட்டைத் தானே பாடி, தானே ஆர்மோனியம் வாசித்து, மகன் லண்டனிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன ரெக்கோடரில் பதிந்துவைத்துவிட்டுத்தான் சாவது.

பாட்டுக் கட்ட, ஊரில் எல்லாச் சாவுக்கும் கட்டுகிற ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"உயிரோடை இருக்கிற ஆளுக்கு நான் கல்வெட்டுப் பாடினதில்லை, ஐயா."

"செத்த ஆக்கள் உம்முடைய பாட்டைக் கேட்டு ஒண்டும் சொல்லேலாது. நான் சொல்லுவன். அதுதான் உமக்குப் பயம்."

ஆழ்வாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பாடலாம். ஆனால் முதற்பாட்டு திதி வெண்பா. செத்த வருஷம், மாசம், பக்கம், திதி நாலும் அதுக்குள்ளை வரவேணுமே. என்னத்தைப் போட?"

"இடத்தை விடும். பிறகு நிரப்பலாம். கச்சேரியிலை எத்தினை படிவத்தை அப்பிடி வைச்சிருந்தனாங்கள்!"

"பஸ்ஸிலை இடம் விட்டாலே ஆரும் வந்து இருந்திடுவினம், ஐயா," என்றார் ஆழ்வாப்பிள்ளை. ஆனால் விட்டுத்தான் கொடுத்தார். நாலு இடம்.

பிறகு அறை ஆயத்தமானது. ரெக்கோடரோடு வந்த புத்தகம் 'எதிரொலி இல்லாத அறை' வேண்டுமென்றது. இலவம்பஞ்சு மெத்தைகள் யன்னலுக்கு ஏறின. கம்பளிகள் சுவரில் தொங்கின. கதவிடுக்கில் சாக்கு. மணிக்கூடு நாடு கடத்தப்பட்டது. இரண்டிலிருந்து மூன்று மணி வரை கிணற்றில் தண்ணீர் அள்ளவேண்டாமென்று அயலவர்களுக்கு இலக்கமிட்ட சுற்றறிக்கை போனது.

"மெத்தையைச் சுவரிலை சாத்தினால் நாங்கள் எங்கை படுக்கிறது?"

"இது கலை, மகாதேவி."

"அப்ப கலை நிலத்திலை படுக்கட்டும்."

ஆர்மோனியம் பாட்டை விழுங்கியது. அதைக் கம்பளிமேல் வைத்து, இரண்டு முழம் தள்ளி, மைக்கை நுளம்புவலைக் கயிற்றில் வாய்க்கு நேரே தொங்கவிட்ட பிறகுதான் இரண்டும் சமனாயின. அளவு பார்க்க மெஷினின் நெற்றியில் ஒரு பச்சைக் கண் இருந்தது. சத்தமில்லாவிட்டால் அகலத் திறந்திருக்கும். சத்தம் பட்டால் இமை நெருங்கும். மகாதேவி கதைத்தால் லேசாகச் சிமிட்டியது. சோமசேகரம் உச்சத்தில் பிடித்தால் முழுவதும் மூடிக்கொண்டது.

"பார்த்தியே? என்ரை குரலுக்கு மட்டும்தான் முழுசா மூடுது."

"கேக்கேலாமல் மூடுதாக்கும்."

மனைவி புலம்பலையும் அவரே பாடுவதாக இருந்தார். "அதையாவது எனக்கு விடுங்கோவன்" என்று மகாதேவி கேட்டபோது, "உனக்குச் சுருதி சேராது" என்று முடித்துவிட்டார்.

இப்படி முப்படையும் திரட்டிய அறைக்குள் யார் கதிரை இழுப்பது?

மறுநாள் திதி வெண்பாவை அழித்துத் திரும்பப் பதிந்தார். விட்ட நாலு இடத்திலும் வாயை மூடி ஆர்மோனியத்தை மட்டும் நடத்தினார். போட்டுக் கேட்டார். கதிரைச் சத்தம் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டார். அதற்குள் வேறொன்று கேட்டது. அலவாங்கு. யாரோ மண்ணில் குழி தோண்டுகிறார்கள். குத்து, இடைவெளி, குத்து. பந்தற்கால் நடத் தோண்டுகிற அளவான, பழகின குத்து. அந்தக் குத்துகளுக்கு மேலே அவருடைய குரல் கம்பீரமாக முதல் இடத்துக்கு வந்தது. ஆர்மோனியம் தனியே போகவேண்டிய இடம்.

"ஆனந்த," என்றது குரல்.

அவருடைய குரல்தான். நடப்பு வருடத்தின் பெயர்தான். தெரியாமல் வாய் சொல்லியிருக்கும் என்று தனக்குத்தானே அறிக்கை கொடுத்தார். ஆனால் அவர் பாடினால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அசைவு, ஒரு குழைவு இருக்கும். இதில் ஒன்றுமில்லை. பக்கத்தில் கிடக்கிற கோப்பைப் பார்த்துப் படிவத்தை நிரப்புகிறவனின் அவசரமில்லாத குரல்.

அடுத்த நாள் பதியவில்லை. சும்மா போட்டுக் கேட்டார். இரண்டாவது இடமும் நிரம்பியிருந்தது. "ஆவணி." ஆவணி பிறக்க மூன்று நாள் இருந்தது.

அதற்குப் பிறகு சோமசேகரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. விறாந்தையில் இருந்தால் வாசலுக்குப் போகவேண்டும்போல் இருந்தது, வாசலுக்குப் போனால் அறைக்கு. சோற்றுக் கோப்பையோடு நின்றுகொண்டே சாப்பிட்டார். வெளிவாசல் படலைக்குப் போய், எதற்கு வந்தோமென்று தெரியாமல் திரும்பினார். வெட்டிய தென்னோலையின் பச்சை மணம் வீட்டுக்குள் வந்து வந்து போனது. அயலில் எங்கும் ஓலை வெட்டவில்லை.

"உங்களுக்கு என்ன, எறும்பு கடிக்குதோ?"

"ஒண்டுமில்லை."

சொல்லலாம். ஆனால் அரசாங்க அதிபருக்கே மறுத்து எழுதிய ஒரு மனுஷன், என் குரலுக்கு நானே பயப்படுகிறேன் என்று குசினிக்குள் போய் எப்படிச் சொல்வது?

ஆவணி பிறந்தது. "பூர்வபக்கம்," என்றது நாடா. வளர்பிறை. பின்னால் இப்போது பறை கேட்டது, ஒழுங்கை முனையில் நின்று அடிப்பதுபோல.

மெஷினைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். ஒரு வாரம். நாலாவது இடத்தைக் கேட்காவிட்டால் அது இல்லை. ஆனால் கேட்காவிட்டால் எந்த நாளும் அந்த நாளாக இருக்கலாம். அட்டமியன்று மத்தியானம் பூட்டைத் திறந்து கேட்டார்.

"தசமி."

நாளன்றைக்கு. இன்னும் இரண்டே நாள்.

அப்போதே மைக்கை இழுத்துப் பிடித்தார். இடம் விட்டதுதானே பிழை? இந்தமுறை இடமே விடவில்லை. தன் தொண்ணூற்றெட்டாவது வயதில் வரப்போகிற விகிர்தி வருடத்தை முதலாமிடத்தில் போட்டு அழுத்தமாகப் பாடினார். மார்கழி. அபரபக்கம். துவாதசி. பாடப்பாடப் பச்சைக் கண் மூடித் திறந்தது. நாடாவைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டார்.

ஆனந்த. ஆவணி. பூர்வபக்கம். தசமி.

தசமியன்று சோமசேகரம் விறாந்தைச் சாய்மனைக் கதிரையைவிட்டு எழும்பவில்லை. வழுக்குமென்று கிணற்றடிக்குப் போகவில்லை. புரைக்குமென்று கஞ்சி மட்டும் குடித்தார். மடியில் பஞ்சாங்கம், கையில் மணிக்கூடு. அந்த வீட்டில் இரண்டு ஆணியில் இரண்டு பஞ்சாங்கம் தொங்கும். அவருடையது வாக்கியம். மகாதேவி சீதனத்தோடு கொண்டுவந்தது திருக்கணிதம். இரண்டுக்கும் திதி சில மணித்தியாலம் முன்பின்னாகும். வாக்கியமே சரியென்று அவர் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் ஒரு கோப்பு.

வாக்கியத்தில் தசமி பகல் இரண்டு மணி பதினெட்டு நிமிடம் வரை.

இரண்டு பதினேழு. வாயால் மூச்சு விட்டார்.

இரண்டு பதினெட்டு.

இரண்டு பத்தொன்பது. காகம் கத்தியது. அவர் இருந்தார்.

"மகாதேவி! ஒரு தேத்தண்ணி!" கச்சேரிக் குரல் திரும்பிவிட்டது. "நல்ல சாயமா! நான் அறைக்குள்ளை கொஞ்சம் பதியவேணும். அந்தச் சனியனை அழிச்சு அதுக்கு மேலை ஒரு தேவாரம்."

"உள்ளை கொண்டுவாறன். பிறகு ஏகாதசிக்கு மரக்கறி வாங்கித் தாங்கோ," என்றாள் மகாதேவி. "அவசரமில்லை. என்ரை பஞ்சாங்கத்திலை தசமி அஞ்சு மணி வரைக்கும் கிடக்கு."

"உன்ரை பஞ்சாங்கம்!" என்று சிரித்தார். கதவைச் சாத்தினார். சாக்கைக் காலால் தள்ளினார்.

அஞ்சு மணி வரைக்கும்.

அறைக்குள் பஞ்சும் பூச்சியுருண்டையும் மணத்தன. மெஷின் சூடேற, தூசி கருகும் மணமும் சேர்ந்தது. பச்சைக் கண் மெல்லத் திறந்தது. பதியும் பொத்தானை அழுத்தினார். நாடா சுழன்றது. ஆர்மோனியத்துக்கு முன்னால் குனிந்து இருக்கும்போது நெஞ்சுக்குள் எதுவோ சுளுக்கிப் பிடித்தது. இடக்கையால் அமத்தினார். ஏப்பமாக்கும். ஒரு கணம் எல்லாம் இறுகி, பிறகு விட்டது.

விட்டதும் எவ்வளவு இலேசு! பத்துப் பன்னிரண்டு நாளாக உடம்பை அரித்துக்கொண்டிருந்த அந்தரிப்பு ஒரேயடியாகப் போய்விட்டது. துருத்தியை இழுத்துப் பாடத் தொடங்கினார். இப்படி ஒருநாளும் பாடியதில்லை. குரல் எண்ணெயாக ஓடியது. உச்சத்துக்குப் போனார். அங்கேயே நின்றார். பெருமையோடு பச்சைக் கண்ணைப் பார்த்தார்.

அகலத் திறந்திருந்தது.

இன்னும் பலமாகப் பாடினார். திறந்தபடி.

மைக் கம்பி கழன்றிருக்கும். மைக்கை விரலால் தட்டினார். கண் அசையவில்லை. ஆர்மோனியத்தில் இரண்டு கையாலும் அறைந்தார். அசையவில்லை. பாட்டை நிறுத்தினார். அறை. மெத்தை. சுழலும் நாடா.

கண் சிமிட்டியது.

அவர் பேசவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. லேசாக, இன்னொரு தரம் சிமிட்டியது. மகாதேவி கதைக்கும் அளவு.

கதவு திறந்தது. சத்தமில்லாமல். தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். வாய் அசைந்தது. 'இஞ்சாருங்கோ' என்று அசைந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. ஆர்மோனியத்தின் அடியில், கம்பளிமேல் எதையோ பார்த்தாள். கோப்பை விழுந்து சிதறியது. ஒரு சத்தமில்லை. பச்சைக் கண் பாதி மூடியது.

அவள் வாய் அகலத் திறந்தது.

கண் முழுவதும் மூடிக்கொண்டது.

"மகாதேவி!"

அவள் மூச்செடுக்க நிறுத்திய அந்த இடைவெளியில் அலறினார். "மகாதேவி, இஞ்சை பார்!" கண் திறந்தே இருந்தது. "நான் இஞ்சை!" திறந்தே இருந்தது.

அவள் தலையிலடித்தபடி வாசலுக்கு ஓடினாள். ஒழுங்கையில் ஆட்கள் ஓடிவருவது திறந்த கதவுக்குள்ளால் தெரிந்தது. சோமசேகரம் குனிந்து கம்பளியைப் பார்க்கவில்லை. மெஷினையே பார்த்தார். நாடா இன்னும் பதிந்துகொண்டிருந்தது. முற்றத்தில் கதிரை ஒன்றும் இன்னும் வரவில்லை.

பச்சைக் கண் சிமிட்டத் தொடங்கியது. சின்னதாக, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக.