உதட்டுப் பேச்சு

இசை காதைப் பிளந்துகொண்டிருந்த அந்தக் கூடத்தின் எதிர்ச்சுவரோரம் நின்ற ஒருத்தி, உதட்டை மட்டும் அசைத்து, "பாப்பா எங்க?" என்று கேட்டாள்.

கழுவுதொட்டிக்கு மேலிருந்த திறப்பு வழியாக அதைப் பார்த்த சித்தி, கையில் நுரை வழியும் கண்ணாடிக் குவளையோடு, உதட்டாலேயே பதில் சொன்னாள். "மேல, பாலத்துல. தட்டு எடுத்துட்டுப் போறா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை.

அவள் எல்லோருக்கும் சித்திதான். மேசைகளுக்கு பீர் கொண்டுபோகும் அக்கா மகள் பாப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர். இங்கேயே பீர் காய்ச்சி விற்கும் இந்த விடுதி நெசவாலையாக இருந்தபோது அக்காவும் அவளும் அடுத்தடுத்த தறியில் நின்றவர்கள். தறிச்சத்தத்தில் பக்கத்தில் கத்தினாலும் கேட்காது என்பதால், பெண்கள் வாயை அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் செதுக்கிப் பேசிக்கொள்வார்கள். கல்யாணப் பேச்சும் மேஸ்திரியின் வழுக்கையும் அப்படித்தான் கூடம் முழுக்கச் சுற்றிவரும். கேள்வி வந்தால், கேட்டது யார் என்று பார்க்கும் முன்பே உதடு பதில் சொல்லிவிடும். நூல் கிடங்கு எரிந்து, உள்ளே சிக்கிய பெண்கள் எல்லோரும் செத்த அன்று, கம்பிச் சன்னலுக்குப் பின்னாலிருந்து அக்கா கடைசியாகச் சொன்னதும் அப்படித்தான். "பாப்பாவப் பாத்துக்கோ." தறிகளை நிறுத்த அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பாப்பாவுக்கு அந்தப் பேச்சைச் சித்தி சொல்லித்தரவே இல்லை. "நீங்க கொட்டாவி விட்டாக்கூட யாருக்கோ ரகசியம் சொல்ற மாதிரியே இருக்கு சித்தி" என்று அவள் கேலி செய்வாள். செத்தவர்களின் பேச்சு பிள்ளைக்கு எதற்கு? பாப்பா இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது சித்தி தடுத்துப் பார்த்தாள். முடியாமல் போகவே, கூடவே இருந்துவிடலாம் என்று கழுவுதொட்டிக்கு வந்து சேர்ந்தாள்.

"என்ன சித்தி, இப்படித் தேய்ச்சா கிளாஸே கரைஞ்சிடும்!" பீர் காய்ச்சுபவர் எட்டிப் பார்த்தார்.

"அந்தச் சுவரோரம் நிக்கிறது யாரு சார்?"

"எங்க? கறுப்புப் பெயிண்ட்தான் நிக்குது. கண்ணாடியக் கழுவுனா மட்டும் போதாது சித்தி, கண்ணுலயும் போடணும்." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அது பழைய கிடங்கின் சன்னல் இருந்த இடம். செங்கல் வைத்து அடைத்து, கறுப்பு அடித்திருந்தார்கள். ஊறிய தானியத்தின் புளித்த வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்ல எழுந்து வந்தது, கருகிய பஞ்சு. விளக்குகள் சிவப்பாகி நீலமாகிச் சுழன்றன. அங்கே நின்றவள்மேல் மட்டும் எந்த நிறமும் படவில்லை.

அக்காவுக்கு வயதே ஆகவில்லை.

"வளத்தது போதும். என்கிட்ட விடு."

"மாட்டேன்க்கா. அவ என் புள்ள."

அக்காவின் முகத்தில் கோபம் இல்லை. அழுகை இருந்தது. அதைத்தான் சித்தியால் தாங்க முடியவில்லை.

"நான் அவள ஒரு தடவகூட ஆசைதீரத் தூக்கலடி."

சொல்லிவிட்டு அக்கா தலையை நிமிர்த்திப் பாலத்தைப் பார்த்தாள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சித்திதானே சொன்னாள்.

குவளை கையிலிருந்து விழுந்து உடைந்தது. சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. ஆடும் உடம்புகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தலைக்கு மேலே, கூடத்தின் குறுக்கே இரும்பு நடைபாலம். நடுவில் தட்டோடு பாப்பா.

"பாப்பா! இறங்கி வாடி!"

இசை விழுங்கிவிட்டது. தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் திரும்பவில்லை. பழக்கத்தில் உதட்டைச் செதுக்கிச் சொன்னாள். "பாக்காதே. அந்தப் பக்கம் பாக்காதே." அவளுக்குப் புரியாது. இவள்தான் சொல்லித்தரவில்லையே.

பாப்பா நின்றாள்.

சித்தியின் தலைக்கு மேலாக, சுவரைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். மெதுவாக.

வாயை அகலத் திறந்தாள். ஒவ்வொரு சொல்லாக.

"இதோ வரேம்மா."

பாலத்தின் கைப்பிடிக் கம்பிமேல் கால் வைத்தாள்.

சித்தி திரும்பினாள். சுவர் நெடுக, அன்று கிடங்கில் எரிந்துபோனவர்கள். தோளோடு தோள். தலைமுடியெல்லாம் பஞ்சு. அக்காவுக்குப் பக்கத்தில் நின்றவள் அரையடி நகர்ந்துகொண்டாள்.

நடுவில், ஒருத்தி நிற்கும் அளவுக்கு இடம்.