கரிக்குப் பசி

அடைமழையிலும் அவளுக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. குடியிருப்புக்குப் பின்னாலிருந்த பொதுத் தோட்டத்தில் மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய ஐந்தாவது பாத்தி அது. மாதக் கடைசியில் தோட்டச் சங்கச் செயலாளர் வந்து பார்க்கும்போது பயிர் இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அவள் நட்ட கத்தரி நாற்றெல்லாம் மஞ்சளாகிச் சோர்ந்து கிடந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள்... வேரைச் சுற்றிலும் கரித்துண்டுகள்.

"யாருங்க நீங்க? என் பாத்தியில என்ன பண்றீங்க?"

நிமிர்ந்தாள். தலையில் மூட்டையோடு ஒருவன். அதிலிருந்து வழிந்த மழைநீர் அவன் கன்னத்தில் கறுப்புக் கோடாய் இறங்கியது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்களைச் சோதிப்பவள் அவள். இப்படி அகல விழிக்கும் கண்களைப் பார்த்ததேயில்லை... அது வேறு எரிச்சலைக் கூட்டியது.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவன் பேக்கரிக்காரன், தோட்டத்துக்குப் புதிது. முன்வாசலிலிருந்து எண்ண வேண்டிய பாத்தியைப் பின்வாசலிலிருந்து எண்ணியிருக்கிறான். அவள் நாற்று நடுவதற்கு முன், அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்த வாரத்தில், அடுப்பில் மிஞ்சிய கரியை இரண்டு மூட்டை கொத்திப் போட்டிருக்கிறான். கரி மண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம்.

"நல்லதுதான். ஆனா வெறும் கரி பசியோட இருக்கும். காய்கறிக் கழிவு மக்கின தண்ணியில ஊற வெச்சுப் போடணும். இல்லேன்னா செடிக்கு இருக்கற சத்தையும் அதுவே இழுத்துக்கும்."

"தெரியாதுங்க..."

"பலகையில நம்பர் இருக்கே, அதுவுமா தெரியல? கடைக்கு வாங்க, கண்ணை டெஸ்ட் பண்றேன்."

மறுநாள் மாலை நிஜமாகவே வந்து நின்றான். சோதித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, கவனம்தான் இல்லை என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு ஆஜர். பழத்தோலும் முட்டை ஓடும் காய்ந்த இலையும் டிரம்மில் ஊறின. அந்தப் பழுப்புத் தண்ணீரைச் செடி செடியாக ஊற்றினான். அவள் பக்கத்தில் நின்று திட்டினாள். இலையில் ஊற்றாதே, வேரில் ஊற்று, குனிந்து ஊற்று... அவன் சொன்னபடியெல்லாம் குனிந்து ஊற்றினான். பாதிச் செடிகள் துளிர்த்தன.

செயலாளர் வந்தார். பாதிப் பாத்தி காலி என்று உதட்டைப் பிதுக்கினார். அவள் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். தப்பு தன்னுடையது, தன் பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், அவளுடையதை விட்டுவிடுங்கள் என்றான். அவரும் சரியென்று போய்விட்டார்.

காலிச் சாக்கை மடித்துக்கொண்டு கிளம்பியவனை அவள் மறித்தாள்.

"யாரைக் கேட்டு விட்டுக் கொடுத்தீங்க? கரியைப் போட்டதும் கேக்காம, பாத்தியைக் கொடுத்ததும் கேக்காமலா?"

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னுதான்..."

"தொந்தரவா? மூணு வாரமா அஞ்சு மணி எப்ப ஆகும்னு கடிகாரத்தையே பாத்துட்டிருக்கேன். உங்களைத் திட்டாத நாள்ல எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. இப்படிப் பழக்கிவிட்டுட்டுப் போறேங்கறீங்களே, நியாயமா இது?"

கோபத்தில் அவள் குரல் உடைந்தது. அவன் கண்கள் அதே அகலத்துக்கு விரிந்தன.

"என் கண்ணு நல்லா இருக்குன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்... உங்களைப் பாக்கத்தான் கடைக்கு வந்தேன்."

அவளுக்கு முகம் சிவந்தது. கோபத்தை மட்டும் விடவில்லை.

"அப்ப நாளைக்கும் வாங்க. முன்வாசல்லேர்ந்து ஒழுங்கா எண்ணிட்டு வாங்க. அஞ்சாவது பாத்தி... நம்மளுது."