ஓரம் வெட்டிய படம்

“மேடம், என் பொழப்பே போயிடும் போலிருக்கு!” என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் இணையதளம் வடிவமைக்கும் பெண்.

எதையும் துருவிப் பார்ப்பதால் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வாங்கிய துப்பறியும் அம்மையார், “முதல்ல உக்காரு” என்றார்.

ஒரு புகைப்படக்காரரின் படங்களுக்காக அவள் இணையத்தில் காட்சிக்கூடம் அமைத்திருந்தாள். அன்று மாலை திறப்பு. மழையில் சிரிக்கும் அவருடைய மகளின் படம்தான் முகப்பு. அது மட்டும் மூன்று முறை மாயமாகிவிட்டது. கடவுச்சொல் தெரிந்தவர்கள் அவள், புகைப்படக்காரர், அழைப்பிதழ் அனுப்பும் அவருடைய மனைவி. பழியோ அவள் தலையில் விழுந்திருந்தது.

இருவரும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். “எல்லாம் உன் கவனக்குறைவு! இன்னொரு தடவை போச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று பொரிந்து தள்ளினார் புகைப்படக்காரர். நீளமான வெட்டுத் தழும்பு ஓடிய வலது கை அவள் முகத்துக்கு நேரே ஆடியது. மனைவி வாசல் ஓரமாக நின்றிருந்தார். பெண் மாயமான படத்தின் நகலைத் திரையில் திறந்தாள்.

பூதக்கண்ணாடி திரையை உற்றுப் பார்த்தார். “படம் இவ்வளவுதானா?”

“இல்ல மேடம். எல்லாம் ஒரே சதுரமா நிக்கணும்னு ஓரத்தை வெட்டிடுவேன்.”

“வெட்டாததைக் காட்டு.”

முழுப் படத்தில், குழந்தையின் தலைக்கு மேல் குடை பிடித்த ஒரு வலது கை தெரிந்தது. அதில் அதே தழும்பு. இடது கையில் குழந்தையின் நனைந்த செருப்புகள்.

“ஏன் சார், கேமராவை எந்தக் கையால பிடிச்சீங்க?”

“அது... டைமர் வெச்சிருந்தேன்.”

“குழந்தை கேமராவைப் பாக்கலையே. அதுக்குக் கொஞ்சம் மேல, யாரோட முகத்தையோ பாத்துல்ல சிரிக்குது?”

வாசலில் நின்ற மனைவி உள்ளே வந்தார்.

“நான்தான் எடுத்தேன்” என்றார் மனைவி. “அழிச்சதும் நான்தான். படத்துக்கு அடியில அவர் பேரைப் பாக்கறப்பல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. பழி உன்மேல விழும்னு நினைக்கலம்மா. மன்னிச்சுடு.”

புகைப்படக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “படத்தைத் திரும்பப் போடும்மா. எடுத்தது என் மனைவின்னு எழுதிடு.”

பெண் அவசரமாக விசைப்பலகைக்குப் போனாள். மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மனைவின்னு வேண்டாம். எனக்குப் பேர் இருக்கு.”

பெண்ணுக்குச் சுருக்கென்றது. இந்த ஸ்டுடியோவுக்கு எத்தனை தடவை வந்து போயிருக்கிறாள்! அந்தப் பெயர் என்னவென்று அவளும் இன்றுதான் கேட்டாள்.