மூன்றாவது அறிகுறி

"அப்போ எங்க நானாவையும் பிடிச்சுக் குடுக்கணுமா, சேர்?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஹட்டனில் ஆசிரியர்களுக்கும் கிராம சேவகர்களுக்கும் நடந்த பயிற்சி அது. தீவிரவாதத்தின் பக்கம் சாயும் இளைஞர்களை எப்படி அடையாளம் காண்பது என்பது பாடம். திரையில் மூன்றாவது அறிகுறி: 'திடீரெனத் தாடி வளர்த்தல்.'

தாடி வைத்த தன் அண்ணனுக்காக எழுந்து நின்றவள் ஷஸ்னா, வட்டவளைப் பக்கத்துக் கணித ஆசிரியை. அந்தக் கண்கள்... கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளன் நுஸ்கிக்கு அடுத்த வரி மறந்தே போனது.

"கேள்விய கடைசில கேளுங்க, மிஸ்," என்றான் வீறாப்பாக.

அவள் விருட்டென்று வெளியேறினாள்.

வெளியே மழை. இடைவேளையில், தாழ்வாரத்தில் நின்றவளிடம் தயங்கித் தயங்கி வந்தான்.

"மிஸ்... நானும் முஸ்லிம்தான்."

"அதான் கோவம் கூடுது! யாரோ எழுதினத வாசிக்க ஒரு முஸ்லிம் தேவைப்பட்டிருக்கு. நீங்களும் வாசிக்கிறீங்க!" என்றாள். "ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு, தாடி வச்சிருக்கான்னு யாரோ சொல்லி, பொலிஸ்ல நானாவ அள்ளிட்டுப் போனாங்க. மாசக்கணக்கா உள்ள. பிறகு ஒண்ணுமில்லன்னு விட்டாங்க... அதுக்குள்ள வாப்பா, மகன பார்க்காமலே கண்ண மூடி மவுத்தாயிட்டாரு."

நுஸ்கி தலையைக் குனிந்தபடி கேட்டான்:

"அப்போ... எதத்தான் பார்க்கணும்?"

"என் வகுப்புல ஒருத்தன் கூட்டாளிங்கள விட்டு ஒதுங்கிட்டான். ஃபோன்ல எதையோ பார்த்துட்டு, 'மத்த மதத்தானுங்க செத்தா என்ன'ன்னான். அவன் என்ன மதம்னு கேக்காதீங்க! தாடியே முளைக்காத பையன். தினமும் உக்காந்து பேசிப் பேசி மீட்டேன்."

மீண்டும் பயிற்சி தொடங்கியதும் நுஸ்கி எல்லார் முன்னிலையிலும் திரையில் இருந்த அந்தப் பக்கத்தை அழித்தான். "இது பிழை. இத்தன நாளும் பிழையா சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றவன், ஷஸ்னாவை முன்னே அழைத்துப் பேசச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு, அவளுடைய நானா றம்ஸானின் துணிக்கடையில் நுஸ்கி வந்து நின்றான்.

"மன்னிச்சிருங்க, நானா. அத உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

றம்ஸான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். "அந்தப் பக்கத்த அழிச்சீங்களாம், ஷஸ்னா சொன்னா. உங்க வேலை என்னாச்சு?"

"போயிருச்சு."

"என்னது!" உள்ளிருந்து சீறிக்கொண்டு வந்தாள் ஷஸ்னா. "உண்மைய சொன்னதுக்கா? யாரு அவங்க? நம்பர குடுங்க, நான் பேசுறேன்!"

நுஸ்கிக்குச் சிரிப்பு வந்தது... கூடவே கண்ணும் கலங்கியது.

"இந்தக் கோவம்தான் என்னய தூங்க விடல, ஷஸ்னா. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

றம்ஸான் அவசரமாகத் திரும்பி, மடித்த துணியையே மறுபடி மடித்தான்.

"என் கோவம் இன்னும் தீரல," என்றாள், முகம் சிவந்து.

"தீர வேணாம்."

"அப்போ..." தரையைப் பார்த்தபடி சொன்னாள். "உங்க உம்மாவ பொண்ணு கேட்டு வரச் சொல்லுங்க."