சுண்டுவிரல் சிப்பாய்

அந்தச் சிறுமியின் உண்மையான பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் புழங்கியது. மற்ற எல்லாருக்கும் அவள் சில்வண்டு. காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால், தூக்கம் வந்து வாய்க்குப் பூட்டுப் போடும்வரை ஓயமாட்டாள்.

அவளுடைய அம்மாவுக்கு அருங்காட்சியகத்தில் வேலை. பழைய புகைப்படங்களைத் தூசு தட்டுவார், கிழிந்ததை ஒட்டுவார், படத்தில் இருப்பவர்கள் யார் என்று கண்டுபிடித்து எழுதி வைப்பார். விடுமுறை நாட்களில் சில்வண்டும் கூடவே போவாள்.

அன்று அம்மாவின் மேசைமேல் ஒரு பட்டாளப் படம் இருந்தது. நூறு வருடத்துக்கும் முந்தையது. பன்னிரண்டு சிப்பாய்கள் படிக்கட்டில் விறைப்பாக நின்றார்கள். பதினொரு முகங்கள் தெளிவாக இருந்தன. ஓரத்தில் நின்றவரின் முகம் மட்டும் புகை மாதிரி கலங்கியிருந்தது.

"இவருக்கு என்னம்மா ஆச்சு?"

"அந்தக் காலத்துல படம் எடுக்க ரொம்ப நேரம் அசையாம நிக்கணும். இவர் தலையை ஆட்டிட்டார்."

சில்வண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். போன மாதம் எடுத்த வகுப்புப் படத்தில் அவள் முகமும் இப்படித்தான் இருந்தது. படம் எடுக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொல்லத் திரும்பிவிட்டாள்.

"அப்போ இவர் நம்ம ஆளு! பேர் என்ன?"

"அதுதான் தெரியல. மத்தவங்க எல்லாரையும் கண்டுபிடிச்சாச்சு. முகமே தெரியாதவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அந்த நேரத்தில் அருங்காட்சியகத் தலைவர் உள்ளே வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுகிறவர் அவர்.

"ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. நாளன்னைக்குக் காலையில படத்துக்கு மரச்சட்டம் போடுறவர் வந்துடுவார்" என்றார். "இந்தக் கலங்கின ஆள் ஓரமாத்தானே நிக்கிறார்? சட்டத்துக்குள்ள மறைச்சிடுங்க. படம் பளிச்சுன்னு இருக்கும்."

சில்வண்டுக்குச் சுருக்கென்றது.

"மறைக்கிறதா? அவரும் அன்னைக்குக் குளிச்சு, தலை வாரி, மத்தவங்களோட வந்து நின்னாரே மாமா! ஆடினது ஒரு குத்தமா?"

தலைவர் சிரித்துவிட்டார். "சரிம்மா. சட்டம் போடுறவர் வர்றதுக்குள்ள இவர் பேரைக் கண்டுபிடிச்சுக் குடு. மறைக்காம வைக்கிறேன்."

அவர் போனதும் சில்வண்டு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தாள். முகத்தைப் பார்த்துப் பயனில்லை. 'முகம்தானே ஆடியது? கை ஆடவில்லையே!' என்று தோன்றியது. கையைப் பார்த்தாள்.

எல்லாச் சிப்பாய்களும் இடது கையால் இடுப்பு வாரைப் பிடித்திருந்தார்கள். எல்லாருடைய விரல்களும் மடங்கியிருந்தன. இவருடைய சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா! இந்தப் பட்டாளத்தோட வேற படம் இருக்கா?"

ஒரு பெட்டி நிறைய இருந்தது. சிப்பாய்கள் குழி தோண்டும் படம், கயிறு இழுக்கும் படம், குதிரைக்கு லாடம் அடிக்கும் படம். ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தவள், ஒரு படத்தில் துள்ளிக் குதித்தாள்.

நாலு சிப்பாய்கள் தகரக் குவளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், அரண்மனை விருந்துக்கு வந்தவர் மாதிரி, சுண்டுவிரலை விறைப்பாக நீட்டியிருந்தார். முகம் தெளிவாகத் தெரிந்தது. படிக்கட்டுப் படத்தின் பதினொரு முகங்களில் அது இல்லை. வாய் கொள்ளாத சிரிப்பு.

"அடி கெட்டிக்காரி!" அம்மா அவள் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டார். படத்தின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஆனா இதுலயும் பேர் இல்லையே."

"முகம் கிடைச்சாச்சும்மா. பேர் எங்க போயிடும்?"

அம்மா அந்த முகத்தைப் பெரிதாக நகல் எடுத்துக் கொடுத்தார். சில்வண்டு அதை வாசலில் காவல்காரரிடம் காட்டினாள். "பல் வலி வராத அன்னைக்கு நான் இப்படித்தான் இருப்பேன்" என்றார் அவர். எதிரே செருப்புக் கடைக்காரரிடம் காட்டினாள். "என் மச்சான் சாடை இருக்கு. ஆனா அவன் சிரிச்சு நான் பார்த்ததில்லையே" என்றார்.

மாலையில் அம்மாவும் மகளும் வீட்டுக்குப் போகப் பேருந்தில் ஏறினார்கள். சில்வண்டு வாடிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு டிக்கெட்டா?" என்று கணீரென்று ஒரு குரல். நடத்துநர் அக்கா டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். நாலு விரல்கள் மடங்கியிருந்தன. சுண்டுவிரல் நீட்டிக்கொண்டு நின்றது.

சில்வண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'ஐயோ, உங்க விரல்!' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது பின் இருக்கையில் ஒரு பையன் கேட்டான். "அந்த அக்கா விரலைப் பாரேன், ஏன் அப்படி இருக்கு?"

நடத்துநர் அக்கா சட்டென்று கையைப் பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்த முகம் சுருங்கிவிட்டது.

சில்வண்டு நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் அது பெரிய சாதனை. விரலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நகலை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, இவர் எவ்வளவு அழகாச் சிரிக்கிறார் பாருங்களேன். இவரைத் தெரியுமா?"

நடத்துநர் அக்கா படத்தை வாங்கினார். முதலில் சிரிப்பைப் பார்த்தார். பிறகு குவளையைப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலைப் பார்த்தார்.

மறைத்து வைத்திருந்த கை தானாக வெளியே வந்தது.

"ஏ கண்ணு... இது எங்க ஆளு விரல்! என் கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்குப் போனவர். எங்க வீட்டுல பாதிப் பேருக்கு இந்த விரல் மடங்காது. அவர்கிட்ட இருந்து வந்ததுன்னு எங்கப்பா சொல்லுவார். ஆனா வீட்டுல ஒரு படம்கூட இல்ல. எல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு."

"அக்கா! இறங்குற இடம் தாண்டிப் போயிடுச்சு!" என்று முன்னாலிருந்து ஒருவர் கத்தினார். அக்கா அவசரமாக விசில் ஊதினார்.

அம்மாவின் கண்களும் மின்னின. ஆனாலும் அவர் நிதானமானவர். "விரல் ஒத்துப்போறது சந்தோஷம்தான். ஆனா அதை மட்டும் வச்சு ஒருத்தர் பேரை எழுதிட முடியாது. தப்பாப் போயிட்டா அவருக்கும் அவமானம், இன்னொருத்தருக்கும் அநியாயம். அவர் பொருள் ஏதாவது வீட்டுல இருக்கா?"

"ஒரு ஓட்டைக் குவளை இருக்கு. தூக்கிப் போடக் கூடாதுன்னு அப்பா கண்டிப்பாச் சொல்லியிருக்கார்."

"கொண்டு வாங்கக்கா, கொண்டு வாங்க!" என்றாள் சில்வண்டு. அதற்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரை அவள் வாய் மூடவில்லை.

மறுநாள் அக்கா துணியில் சுற்றிய குவளையோடு அருங்காட்சியகத்துக்கு வந்தார். கறுத்து, நசுங்கி, கைப்பிடி கோணலான தகரக் குவளை. அம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினார். பக்கவாட்டில் ஆணியால் கீறிய ஒரு மீன் தெரிந்தது. குழந்தை வரைந்த மாதிரி குண்டு மீன். அதற்கு மீசைகூட இருந்தது.

சில்வண்டு உருப்பெருக்கியைத் தேநீர்ப் படத்தின்மேல் வைத்தாள். குவளை மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு சிப்பாயும் ஒரு அடையாளம் கீறியிருந்தார். ஒன்றில் நட்சத்திரம். ஒன்றில் பிறை. ஒன்றில் வெறும் கோடு.

சிரிக்கிறவரின் குவளையில் மீசை வைத்த குண்டு மீன்!

"மீனுக்கு யாராவது மீசை வைப்பாங்களா?" என்று அம்மாவே வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்க தாத்தா வைப்பார்!" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே தாத்தாவின் முழுப்பெயரைச் சொன்னார். "வீட்டுல எல்லாருக்கும் அவர் சிரிப்புத் தாத்தா. அவர் முகத்தை இப்பத்தான் முதல்முதலாப் பார்க்கிறேன்."

சில்வண்டு குவளையையும் படத்தையும் தூக்கிக்கொண்டு தலைவரின் அறைக்கு ஓடினாள். தலைவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சட்டத்தைப் பெருசாப் போடச் சொல்லிடறேன்" என்றார். "இந்தத் தேநீர்ப் படத்தையும் பக்கத்துலயே மாட்டிடுவோம். குவளைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வைப்போம். சரிதானே, சில்வண்டம்மா?"

சரி என்று சொல்ல அவளுக்குக் கசக்குமா?

ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியக வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து நடத்துநர் அக்காவின் அப்பா இறங்கினார். அத்தைமார், சித்தப்பாமார், பிள்ளைகள் என்று குடும்பமே இறங்கியது. "என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே பயணிகளும் இறங்கினார்கள். கடைசியாக ஓட்டுநரும் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பன்னிரண்டு சிப்பாய்களும் சுவரில் நின்றார்கள். கீழே பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. நடத்துநர் அக்கா பேருந்தில் நிறுத்தம் சொல்வது போலக் கணீரென்று தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் படித்தார். அவர் சுட்டிக்காட்டிய கையை மறைத்துக்கொள்ளவில்லை. கூடம் முழுக்கக் கைதட்டல்.

அவருடைய அப்பா படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. அவரை அவசரப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று அந்தப் பேருந்து வெகுநேரம் தாமதமாகக் கிளம்பியது. ஒரு பயணிகூட முணுமுணுக்கவில்லை.